மார்வா போகாத சனிக்கிழமை வகுப்பு

ஹேண்ட்ஸ்வொர்த், பர்மிங்ஹாம்
அக்டோபர் 4

அன்பு மகள் மார்வாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் தம்பி கார்ல்டனும் சுகம், அங்கே டொராண்டோவில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் ஜெரோமும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் மண்டியிட்டுக் கேட்கிறேன், மண்டியிட்டபின் எழுந்திருக்கத்தான் நாற்காலியைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கார்ல்டனுக்கு முட்டி ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை சூப் இப்போது அவன் பொறுப்பு, பூசணியும் கிழங்கும் போடுகிறான், மிளகாயைக் கண்ணில் காட்டுவதில்லை, உன் அம்மா இருந்திருந்தால் பானையோடு கொல்லைப்பக்கம் அனுப்பியிருப்பாள். சூப்பைப் பற்றி எழுதி நாளைக் கடத்துகிறேன். சொல்ல வந்தது வேறு, அதைச் சொல்லக் கை வரமாட்டேன் என்கிறது.

இந்த மாதம் நம் கறுப்பு ஜனங்களின் வரலாற்றைக் கொண்டாடும் மாதம் அல்லவா, இந்த வருஷம் ஊர் ஊராக ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பிரிஸ்டல், கார்டிஃப், லிவர்பூல் என்று ஒவ்வொரு ஊரிலும் அங்கே வாழ்ந்து பெயரெடுத்த கறுப்பு மனிதர்களின் படத்தை, அவர்கள் குடியிருந்த தெருவிலேயே பெரிதாக மாட்டப் போகிறார்கள். ஒரு தெருவுக்குப் பாட்டுக்காரர், ஒரு தெருவுக்கு டாக்டர், நம் தெருவுக்கு யார் தெரியுமா, எதிர்வீட்டு மிஸ் ஐசில்டா மேக்னஸ். தன் முன்னறையில் பெஞ்சு போட்டு, சனிக்கிழமைதோறும் நம் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தாரே, அவரேதான். அவர் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது. அவரை நேரில் அறிந்தவர்கள் தெருவில் நான் ஒருவன்தான் மிச்சம் என்று நூலகத்திலிருந்து டியோன் என்ற பெண் பேச்சைப் பதிவு செய்யும் கருவியோடு வந்தாள். நல்ல பெண், என் தேநீரை முழுதாகக் குடித்தாள். "உங்க பிள்ளைங்களும் அந்த வகுப்புக்குப் போனாங்களா மிஸ்டர் பின்னக்?" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா மார்வா? "போகாம? மொத ஆளே என் பொண்ணு மார்வாதான், பெஞ்சைத் தூக்கிட்டுப் போய்ப் போட்டதே நான்தான்" என்றேன். வாய் கூசவில்லை.

போன வாரம் படத்துக்குக் கீழே அச்சடிக்கப் போகும் வாசகத்தை அனுப்பியிருந்தாள். அதில் உன் பெயர் இருக்கிறது, என் பெயரும் இருக்கிறது. கார்ல்டன் வாசித்துவிட்டு, "அப்பா, மார்வா எப்பப்பா அங்க போனா? அவளைத்தான் தெனமும் அந்தச் சின்ன பஸ்ஸு வந்து அள்ளிட்டுப் போச்சே" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

உனக்கு ஒன்பது வயது. புத்தி மந்தமான பிள்ளைகளுக்கான பள்ளிக்கு உன்னை மாற்ற வேண்டும் என்று தலைமையாசிரியர் கூப்பிட்டுச் சொன்னார். நான் கோயிலுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு "யெஸ் சார்" என்றேன். நான் பிறந்து வளர்ந்த தீவில், எங்கள் கிளாரண்டனில், வாத்தியாரை எதிர்த்து யாரும் பேசியதில்லை, வாத்தியார் அடித்தார் என்று வீட்டில் சொன்னால் வீட்டிலும் ஒன்று விழும். அந்தப் பழக்கத்தைக் கப்பலில் கூடவே கொண்டுவந்திருந்தேன். மிஸ் ஐசில்டாவுக்கு எப்படித் தெரிந்ததோ, வாசலுக்கே வந்துவிட்டார். "கையெழுத்துப் போட்டுடாதீங்க மிஸ்டர் பின்னக், நம்ம பிள்ளைங்களைத்தான் பொறுக்கிப் பொறுக்கி அங்க தள்ளுறாங்க. உங்க பொண்ணுக்கு ஒரு குறையும் இல்ல, எங்கிட்ட அனுப்புங்க" என்று கெஞ்சினார். நான் அவரைப் பார்த்து, "உங்களுக்கென்ன பிள்ளையா குட்டியா, அடுத்தவன் வீட்டுல ஏன் மூக்கை நுழைக்கிறீங்க" என்று கேட்டுக் கதவைச் சாத்தினேன். ராத்திரி வேலை முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த உன் அம்மா, நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பியதைக் கேட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அங்கே உன்னைக் கூடை பின்னவும் கோப்பை கழுவவும் வைத்தார்கள். பதினாறு வயதில் ஒரு சான்றிதழும் இல்லாமல் வெளியே வந்தாய், அத்தை கூப்பிட்டாள் என்று கனடாவுக்குப் போனாய். கனடாவுக்காக நீ போகவில்லை, என் வீட்டை விட்டுப் போனாய் என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. நீ போன மறு வருஷம் வெட்கத்தை விட்டு மிஸ் ஐசில்டா வீட்டுக் கதவைத் தட்டினேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பட்டறையிலிருந்து நேராக அங்கே போவேன், எனக்குச் சரியாக எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். நான் பேசிய பேச்சை ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டவில்லை. கடைசி வகுப்பில் மட்டும், "இப்பத்தான் எழுத வருதே, பொண்ணுக்கு எழுதிட்டீங்களா?" என்று கேட்டார். அடுத்த வாரம் எழுதுகிறேன் என்றேன். உனக்குப் பனியைப் பற்றி எழுதினேன், சபையைப் பற்றி எழுதினேன், இதை எழுதவில்லை.

நேற்று டியோனுக்கு ஃபோன் செய்து நான் சொன்னது பொய், எடுத்துவிடு என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்ப நெஜத்தை வந்து சொல்லுங்க, அதையும் ஜனங்க கேக்கணும்" என்றாள். இருபத்தாறாம் தேதி திறப்பு விழா. என் பங்கைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை, ஆனால் அந்தப் பள்ளியைப் பற்றி ஜெரோமுக்குக்கூட நீ சொன்னதில்லை என்று தெரியும். அம்மா எந்தப் பள்ளியில் படித்தாள் என்று அவன் ஃபோனில் கேட்டபோது நான் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினேன். அதனால் முடிவு உன்னுடையது. சொல்லாதே என்றால் கடைசி வரிசையில் உட்கார்ந்து கை தட்டிவிட்டு வந்துவிடுகிறேன், உன் பெயர் என் வாயில் வராது.

ஆனால் ஒன்றை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் காகிதம் பள்ளியிலிருந்து வந்த அன்று எனக்கு வாசிக்க வராது, உன் அம்மா வேலைக்குப் போயிருந்தாள், நீதான் என் மடியருகே நின்று வாசித்துக் காட்டினாய். இந்தப் பிள்ளைக்கு வாசிக்க வராது, வரப்போவதுமில்லை என்று எழுதியிருந்ததை, ஓரிடத்திலும் தடுமாறாமல், நீயே வாசித்தாய். என் காதால் கேட்டேன் மகளே. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலை வைத்துக் காட்டியதும் நீதான். நான் போட்டேன். என்னை மன்னித்துவிடு.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும் காப்பாராக, மாப்பிள்ளைக்கும் ஜெரோமுக்கும் என் ஆசீர்வாதம். பனி விழுமுன் நல்ல பூட்ஸாக வாங்கிக்கொள். இருபத்தாறுக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல், வேண்டாம் என்ற வார்த்தையானாலும் சரி.

உன் அப்பா,
வெர்னல் பின்னக்