ஒரே எண்ணில் இரண்டாவது ஆள்

நேற்று மாலை எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் பைக்கை அணைத்துவிட்டு நின்றிருந்தேன். போன் அடித்தது. திரையில் ‘மாமு’ என்று வந்தது, சிநேகிதனான உன்னை நான் கூப்பிடும் பெயர். நீ இறந்துபோய் ஒரு வருஷமாகிறது. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு எடுத்தேன்.

பேசியது உன் மகள் ஷீபா. “சித்தப்பா, எனக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சு. அப்பா மாதிரி நானும் ரத்தம் குடுக்கப் போறேன். கிளப்புல என் பேரையும் சேத்துடுங்க. நம்பர் இதான். அப்பாவோட போனை நான்தான் வச்சிகினு கீறேன்” என்றாள். சரிம்மா என்றேன். வீட்டுக்கு வந்து கணினியில் அவள் விவரங்களை அடித்தால், ‘இந்த எண் ஏற்கெனவே உள்ளது’ என்று மறுக்கிறது. அந்த வாசகத்தை எழுதி வைத்தவனே நீதான்.

நம் ராயபுரம் ரத்ததானக் கிளப்பின் விவரமெல்லாம் முதலில் எக்செல்லில்தானே கிடந்தது? ஒருவர் ரத்தம் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் பெயர், முகவரி, ரத்த வகை எல்லாவற்றையும் திரும்ப அடிப்போம். அவர் காலடிப்பேட்டைக்கு வீடு மாறினால் ஒரு வரியில் புது முகவரி, மற்ற வரிகளில் பழையது. ஒருநாள் அவசரமாக ஓ நெகட்டிவ் கேட்டார்கள். நாம் கூப்பிட்டது அந்த வகை ரத்தமுள்ள அந்தோணியை அல்ல, வேறொரு அந்தோணியை. பாவம், அந்த மனுஷர் பின்னிக்கொண்டிருந்த வலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து, தன்னுடையது பி பாசிட்டிவ் என்று சொல்லித் திரும்பிப் போனார். நீ கடுப்பாகிவிட்டாய். “நம்ம தெருவுல அந்தோணின்னு கூப்ட்டா மூணு வூட்டு ஜன்னல் தொறக்குது. பேர வச்சிகினு இன்னா பண்றது?”

அந்த வாரமே டேட்டாபேஸ் போட உட்கார்ந்தாய். ஆட்களுக்கு ஓர் அட்டவணை, அவர்கள் ரத்தம் கொடுத்ததற்குத் தனி அட்டவணை. முகவரி ஒரே இடத்தில் இருக்கும், வீடு மாறினால் ஒருமுறை மாற்றினால் போதும். இரண்டு அட்டவணைகளையும் இணைக்க, ஒருவருக்கு மட்டுமே உரிய அடையாளம் ஒன்று வேண்டும். அதைச் சாவி என்பார்கள். நீ போன் நம்பரைச் சாவியாக்கினாய். நான் விடவில்லை.

“பாதிப் பேரு வூட்டுக்கே ஒரு போன்தான் வச்சிகினு கீறாங்க. ஆளுக்கு ஒண்ணு, ரெண்டுன்னு சும்மா ஒரு நம்பர் குடு.”

“அர்த்தமே இல்லாத நம்பரு எதுக்கு மாமு? பேஜாரு பண்ணாத. ஒரே நம்பர்ல ரெண்டாவது ஆள் வந்தா அப்ப பாத்துக்கலாம்.”

வந்துவிட்டாள், பார்.

உன் வரியை அழித்தால் அவளுக்கு இடம் கிடைக்கும். மனசே இல்லாமல் அழித்துப் பார்த்தேன். விடவில்லை. நீ ரத்தம் கொடுத்த பதிவுகளெல்லாம் அந்த எண்ணைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. பதிவு இருக்கும்வரை ஆளை அழிக்கக் கூடாது என்ற விதியும் உன்னுடையதுதான். “ஆளே இல்லாம ரத்தம் எங்கருந்து வந்துச்சாம்?” என்று கேட்டாயே. சரி, உன் பெயர் இருக்கும் இடத்தில் அவள் பெயரை மட்டும் மாற்றி எழுதினால்? நீ கொடுத்ததெல்லாம் அவள் கொடுத்ததாகிவிடும். நம் கிளப்பில் நீ இருந்ததற்கே தடயம் இருக்காது. எனக்கு அது பொறுக்கவில்லை.

அதனால் நகல் ஒன்று எடுத்துவைத்துவிட்டு, அன்று நான் சொன்னதையே செய்தேன். ஆளுக்கொரு சும்மா நம்பர். முதல் வரி உன்னுடையது, ஆகவே நீ ஒன்று. உன் பதிவுகளை அதோடு இணைத்தேன், மற்றவர்களுடையதை அவரவர் எண்ணோடு. போன் நம்பர் இனி வெறும் விவரம்தான், இரண்டு பேருக்கும் இருக்கலாம். ரத்தத்துக்கு ஆள் தேடும்போது நீ வராமலிருக்க, ‘கூப்பிட வேண்டாம்’ என்று ஒரு கட்டம் சேர்த்தேன். உன் வரியில் அதற்கு ‘ஆம்’ என்று அடிக்கும்போது அழுதுவிட்டேன். பிறகு ஷீபாவைச் சேர்த்தேன், மறுக்காமல் ஏற்றுக்கொண்டது. பழைய சண்டையில் நான் ஜெயித்தாகிவிட்டது மாமு. ஜெயித்து என்ன, திட்டுவதற்கு நீ இல்லை.

டேட்டாபேஸில் உங்கள் இருவரையும் சரியாகப் பிரித்துவிட்டேன். என் போனில் மட்டும் பிரிக்கவில்லை. ஷீபா அடுத்த முறை கூப்பிடும்போதும் அதில் ‘மாமு’ என்றுதான் வரும்.