என் பெயர் எழுதிய போத்தல்

லண்டன், 9.3.1980

அன்புள்ள அம்மா,

முழங்கால் வீக்கம் வற்றியதா? அனலைதீவு வள்ளத்தில் ஏறி இறங்க முடிகிறதா?

இங்கே எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு வேடிக்கை. இரத்தப் புற்றுநோயாளரின் உயிரணுக்களுக்குள் இருக்கும் நிறமூர்த்தங்களை (குரோமோசோம்களை) ஆராயும்போது, ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் இரத்தமும் வேண்டும். ஆறு வருடமாக என்னுடையதைத்தான் வைத்தோம். "என்ர பிள்ளைக்கு ஒரு தடிமன்கூட வரேல்லை" என்று பெருமைப்படுவீர்களே! போன கிழமை அதிலும் நோயாளரின் நிறமூர்த்தத்தில் காணும் அதே பழுதைக் கண்டேன். தொடக்கம்தான், மருந்து இருக்கிறது. அழாதேங்கோ.

தங்கச்சி புவனம் கொழும்புக்குப் போய் இரத்தம் சோதிக்கட்டும். அவளுடைய எலும்பு மச்சை எனக்குப் பொருந்தலாம். எனக்குப் பேசிய சம்பந்தத்தை நிறுத்திவிடுங்கள். நம் பனையின் ஒடியல் மா கொஞ்சம் அனுப்புங்கள்.

தபாலுக்கு நேரமாகிறது. இன்று என் பெயர் எழுதிய இரத்தப் போத்தலை நோயாளர் வரிசைக்கு நானே மாற்றி வைத்தேன்.

உங்கள் மகன்,
சிவலோகன்