சுவரில் வரைந்த கீபோர்டு

ஜூன் 23, திங்கள்

பள்ளிக்கூடத்துக்குப் பத்து கம்ப்யூட்டர் வந்து ஒரு வாரம் ஆச்சு. அட்டைப்பெட்டிகூடப் பிரிக்கல. அறைச் சாவி ஹெச்.எம். ஆரோக்கியசெல்வம் சாரின் பாக்கெட்டில். "பசங்க ஒடச்சிட்டா நான்ல பதில் சொல்லணும் டீச்சர்?" அப்புறம் எதுக்கு சார் வாங்கினீங்க, மாலை போட்டுக் கும்பிடவா? இதை நேரில் கேட்கத் துப்பில்லை. இங்கே எழுதுகிறேன்.

ஜூன் 27, வெள்ளி

பெட்டியைப் பிரிக்காமலே சொல்லிக்கொடுக்க சார் கண்டுபிடித்த வழி: நாலாம் வகுப்புச் சுவரில் கீபோர்டு வரைவது! ஜெயங்கொண்டத்து பெயிண்டர் மாயவனிடம் படம் கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 30, திங்கள்

வயிறு எரியுது. Q W E R T Y என்று இருக்க வேண்டிய இடத்தில் A B C D என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறார் மாயவன். "நீங்க குடுத்த படத்துல எழுத்தெல்லாம் மாறிக் கெடந்துச்சுங்க டீச்சர். நாந்தான் சரி பண்ணுனேன்." முகமெல்லாம் பெருமை.

சாரிடம் ஓடினேன். "பாக்க லட்சணமாத்தானே இருக்கு? புள்ளைங்களுக்கும் சுலபம்." மாதாவே!

ஜூலை 18, வெள்ளி

அந்தச் சுவரில்தான் பாடம். நாலாம் வகுப்பு அபிநயா கண்ணை மூடிக்கொண்டே தன் பெயரைத் தட்டிக் காட்டினாள். தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் சிரித்த சிரிப்பில் விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

அரியலூரிலிருந்து கல்வி அதிகாரி வந்தார். சார் அரக்கப்பரக்க ஒரே ஒரு கம்ப்யூட்டரைப் பிரித்து வைத்தார். "ஒன் பேரை அடி பாப்பா" என்றார் அதிகாரி. அபிநயா குனிந்துகூடப் பார்க்காமல் டக்டக்கென்று அடித்தாள். திரையில் QWOFQNQ.

அதிகாரி சிரித்துவிட்டார். சார் என்னைக் காட்டினார். "டீச்சர் ஒழுங்கா சொல்லிக்குடுக்கல சார்."

அபிநயா சொன்னாள்: "சார், இந்த மிஷினு தப்பா இருக்கு."

அதுக்கு மேல என்னால முடியல. கத்திட்டேன். "செவுருதான் சார் தப்பு! மிஷினெல்லாம் ரெண்டு மாசமா பூட்டிக் கெடக்கு. இந்தப் புள்ள அதைத் தொடுறதே இன்னைக்குத்தான்!"

அதிகாரி சாவியை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

சார் என்னோடு பேசுவதில்லை. பேசாட்டிப் போகட்டும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பத்தும் ஓடுகிறது. பிள்ளைகள் ஒரே கூச்சல். அபிநயா மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"உக்காருடா செல்லம்."

"செவுரு தப்புன்னு ஒங்களுக்கு மொதல்லயே தெரியுமா டீச்சர்?"

தெரியும் என்றேன்.

அப்புறம் உட்கார்ந்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். கடைசிவரை என்னிடம் எதுவும் கேட்கவில்லை.