படமரத்தின் மேல் போட்ட பழி

என் சுகந்தி அக்காவுக்கு,

நீ போன ஆஸ்பத்திரி உன்னைத் தொடாமலே கொன்றது.

மார்பில் கட்டி என்று போனாய். நானும் கூட வந்தேன். டாக்டர், ஓ.பி. சீட்டில் இருந்த உன் பழைய ஆண் பெயரைப் பார்த்தார், பிறகு உன் புடவையைப் பார்த்தார். "ஆபரேஷன் எங்க பண்ணிக்கினே? முழுசா ஆயிடுச்சா? வீட்ல சேத்துக்கினாங்களா?" என்று கேட்டுக்கொண்டே போனார். எவ்வளவு ஆர்வம்! கட்டி எப்போது வந்தது என்று மட்டும் கேட்கவில்லை. வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்.

வெளியே வந்ததும் நீ சொன்னாய்: "விடுடி. நாள் பூரா படமரம் மார்ல இடிச்சிகினே கீது. தறிக்காரி நெஞ்சு வீங்காம என்ன பண்ணும்?"

நெய்த துணியைச் சுற்றுகிற அந்த மரம் நம் தெருவில் யார் நெஞ்சைத்தான் விட்டது? வலித்தால் மரத்தைத் திட்டிவிட்டு வெந்நீர் ஒத்தடம் கொடுப்போம். உனக்கும் அம்மா கடைசிவரை அதையேதான் கொடுத்தாள். "என்னாடி, படமரத்தக் கட்டிகினு குடும்பம் நடத்துறியா?" என்று பக்கத்துத் தறி கமலா அத்தை சீண்டியபோது, நீதானே அதிகமாகச் சிரித்தாய்?

நிஜமாகவே மரம்தான் காரணம் என்று நம்பினாயா, அக்கா? இல்லை, மறுபடி அந்த அறைக்குள் போவதைவிட மரத்தின் மேல் பழி போடுவது சுலபமாக இருந்ததா?

பெண்ணாக மாற நீ விழுங்கிய மாத்திரைக்கு அளவு சொன்னது யார்? மருந்துக் கடைக்காரரா, தோழிகளா? அதற்கும் கட்டிக்கும் சம்பந்தம் உண்டா? இதையெல்லாம் கேட்க உனக்கு ஒரு டாக்டர்கூட இல்லையே.

ஒரு சேதி. தேவிகாபுரத்து மல்லிகா, உன்னைப் போலவே திருநங்கையான உன் தோழி, போன வாரம் பஸ் ஏறி வந்தாள். அவளுக்கும் மார்பில் கட்டி. "சுகந்திக்கு படமரம் இடிச்சுது, சரி. தறிப் பக்கமே போவாத எனக்கு எதுடி இடிச்சுது?" என்று கேட்டாள்.

அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப் போனேன். பழைய டாக்டர் மாறிப் போய்விட்டார். புதிதாக வந்திருக்கும் டாக்டரம்மா, "உங்கள எப்படிக் கூப்பிடட்டும்?" என்றார். அப்புறம், "எப்பலேர்ந்து இருக்கு? தொட்டுப் பாக்கலாமா?" என்றார். மல்லிகா விசும்பி அழுதாள். "இன்னும் தொடவே இல்லயேம்மா!" என்று அவர் பதறிப்போனார். ஊசி போட்டுச் சதை எடுத்து வேலூருக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவுதானா? உனக்கும் இதைக் கேட்டிருந்தால் என்ன கெட்டிருக்கும்? நாளைக்கு இந்த அம்மாவையும் மாற்றிவிட்டால், பெரணமல்லூரிலிருந்து வருகிற இன்னொருத்தியை யார் தொடுவார்கள்?

மல்லிகாவின் முடிவு எதுவாக இருந்தாலும் அவளைத் தனியாக அனுப்ப மாட்டேன். யாரையும் படமரத்தைச் சொல்லித் தப்பிக்கவும் விடமாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

நேற்றே தலைமை டாக்டரின் அறைக்குப் போனேன். நம் கதையைச் சொன்னேன். மின்விசிறியைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"சார், அந்த டாக்டரம்மா போன பிறகும் எங்க அக்கா மாதிரி ஆளுங்கள இங்க தொட்டுப் பாப்பாங்களா? பாக்க வைங்க. ஹார்மோன் மாத்திரைக்கும் இங்கயே ஒரு டாக்டர் வேணும். எப்போ வருவாங்க, சொல்லுங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

உனக்கு அடுத்துப் பிறந்த தங்கச்சி,
பவானி