பக்கத்து மேசைச் சம்பளம்

கோலியர்ஸ் வுட், லண்டன்,
14.3.1989

அன்புள்ள ஐயாவுக்கு,

என் சம்பளம் இந்த வேலைக்குக் கூடவா, குறைவா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரியாது. நான் சுகம். உங்கள் கண் எப்படி?

விளம்பரக் கம்பனியில் என்னைப் போல் வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் அக்கவுண்ட் எக்சிகியூட்டிவ்களுக்கு ஒரு சராசரிச் சம்பளத்தைப் பத்திரிகையில் போடுகிறார்கள். சராசரியை நான் நம்புவதில்லை. இங்கே ஒருவர் சம்பளத்தை மற்றவர் கேட்பதுமில்லை. வெளிநாட்டுக்காரி எனக்குத்தான் குறைவு என்று நினைத்து, இன்று எங்கள் ஊர் வழக்கப்படி பக்கத்து மேசை பொலினிடம், "உமக்கு எவ்வளவு?" என்று நேரே கேட்டுவிட்டேன்.

"வயதைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பனே!" என்று முகம் சிவக்க எழும்பிப் போனாள். சிரிக்காதீர்கள்.

அடுத்த முறை நீல விமானக் கடிதத்தாளின் பின்பக்கத்தையும் நிரப்புங்கள். அக்கம்பக்கத்து அயலட்டைச் செய்தி எதுவானாலும் சரி.

15ஆம் திகதி: பொலின் காலையில் தானாகவே சொன்னாள். பதினொரு வருடம் வேலை செய்தவளுக்கு வருடச் சம்பளம் என்னைவிட எண்ணூறு பவுண் குறைவு. என்னுடையதைக் கேட்டாள், சொன்னேன். கோட்டைக் கழற்றாமலே மனேஜரின் அறைக்குப் போனாள். திரும்பி வந்து, "வேலையை விட்டிட்டன்" என்றாள். அவளுடைய மேசைச் சாமான்களை அடுக்கிய பெட்டியை பஸ் தரிப்பு வரை நான்தான் தூக்கிப் போனேன்.

அவசரத்துடன்,
மகள் தவநாயகி