எலியின்ர வெடுக்கு

14.11.2019, வியாழன்

கோவம் இன்னும் அடங்கேல்லை. எழுதினால்தான் நித்திரை வரும்.

என்ர பாம்பு லூனாவையும் தூக்கிக்கொண்டு நான் ஊஸ்டருக்கு, அம்மாட்டைத் திரும்பி வந்த நாளிலையிருந்து அது ஒண்டும் தின்னேல்லை. வேலைக்குப் போகேக்கை ஃப்ரீசரிலை இருந்து செத்த எலி ஒண்டை எடுத்து, இளகட்டும் எண்டு டப்பாவிலை வைச்சிட்டுப் போவன். பின்னேரம் சுடுதண்ணியிலை சூடாக்கி நீட்டினால் முகத்தைத் திருப்பிப்போடும். மிருக வைத்தியரிட்டையும் காட்டினன். ஒரு வருத்தமும் இல்லையாம். கண்ணாடிக் கூட்டை மாத்தினன், விளக்கை மாத்தினன். கடைசியிலை, வளர்க்கத் தெரிஞ்ச ஆரும் கொண்டுபோகட்டும் எண்டு நேற்று விளம்பரமும் போட்டிட்டன்.

இண்டைக்கு வேலை வெள்ளன முடிஞ்சு வந்து பார்த்தால், அம்மா குசினியிலை நிண்டு எலியைக் கழுவுறா! உப்பும் தேசிக்காய்ப் புளியும் போட்டு.

"என்னம்மா செய்யிறியள்?"

"வெடுக்கு எடுக்காமல் ஆருக்கும் குடுக்கிறதோ? ஒவ்வொருக்காலும் நான்தானே கழுவி வைக்கிறன்."

"ஐயோ அம்மா, அந்த வெடுக்கு மணத்திலைதான் அது சாப்பாடெண்டே கண்டுபிடிக்கும்!"

நல்லாக் கத்திப்போட்டன். கழுவாத எலி ஒண்டை இளக்கி நீட்டினன். ஒரே கவ்வு.

பாம்புக்குப் பயந்து என்ர அறைப்பக்கமே வராத மனுசி. செத்த எலியை வெறுங்கையாலை பிடிச்சு, வாலையும் விடாமல் தேய்ச்சுக் கழுவியிருக்கிறா.

விளம்பரத்தை எடுத்திட்டன். லூனா வயிறு புடைச்சுக் கிடக்குது. அம்மாதான் சாப்பிடாமல் படுத்திட்டா. ரெண்டுதரம் கூப்பிட்டன். முகத்தைத் திருப்பிப்போட்டா.