எங்கள் தோட்டத்துப் புழு

அக்டோபர் 1998, செவ்வாய் இரவு

சாயப்பட்டறை ஓடையோரத்து மண்புழுக்களில் மரபணு உடைந்திருக்கும் என்று எதிர்பார்த்ததுதான். உடைந்தால் நுண்ணோக்கியில் ஒவ்வொரு செல்லுக்கும் வால்நட்சத்திரம்போல் வால் நீளும். ஒப்பிடச் சுத்தமான மண் வேண்டுமே என்று, பெருந்துறைப் பக்கம் எங்கள் தோட்டத்திலேயே கொஞ்சம் புழு எடுத்துவந்தேன். வேறெங்கும் தேடவில்லை. எங்கள் மண்தானே என்ற நினைப்பு.

இன்று பார்த்தால் அவற்றுக்கும் வால்.

ஸ்லைடில் ஒட்டிய சீட்டை மூன்று முறை சரிபார்த்தேன். மாறவில்லை.

“அந்தப் புழுவ விட்டுப்போட்டு வேற தோட்டத்துல எடுத்துக்க அம்மணி,” என்றார் பேராசிரியர். ஆய்வுக்கு அது போதும். எனக்கு? அந்த மண்ணில் ஊறும் தண்ணீர்தானே எங்கள் கிணற்றில்.

காந்திபுரத்தில் பஸ் ஏறுமுன் பூத்திலிருந்து அப்பாவைக் கூப்பிட்டேன். புழு விஷயத்தைச் சொல்ல வாய் வராமல் கிணற்றைப் பற்றி மட்டும் கேட்டேன்.

“கெணத்துக்கென்ன கண்ணு, தண்ணி தங்கமாட்டமா இருக்குது. அக்கா நேத்தே வந்துட்டா. மாசமா இருக்கறவளுக்கு போர்த் தண்ணி உப்புக் கரிக்குதாம். கெணத்துத் தண்ணியத்தான் குடிக்கறா.”

“சரிங்கப்பா” என்று வைத்துவிட்டேன்.

வைத்திருக்கக் கூடாது. மணி பத்தரை. தெருமுனை பூத்தை அடைத்திருப்பார்கள். அக்காவுக்கு இரவில் தாகம் எடுக்கும்.